திரும்பி வந்த எலும்பு

கழுத்தைச் சுற்றித் துணியைப் போட்டுப் பின்னால் முடிந்தபோதே மாசிலாமணிக்குத் தெரிந்துவிட்டது, இவன் வேண்டுமென்றுதான் இறுக்குகிறான். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் நாளே எவனுக்கும் தெரிந்துவிடும். தன் கடையிலேயே வேலை பார்த்த தவசிக்குத் தெரியாமலா இருக்கும். இறுக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் மாசிலாமணி நின்றிருக்கிறான், ஒரு நாளும் இதில் உட்கார்ந்ததில்லை, மதியம் கூட்டமில்லாத நேரத்தில் தூங்குவதற்குக்கூட அந்த மூலை பெஞ்சில்தான் சாய்வான், நாற்காலி வருகிறவர்களுக்கு. இன்றைக்கு அவன்தான் வருகிறவன். உடம்பு முழுக்கத் துணிக்குள் போய், கண்ணாடியில் தலை மட்டும் தனியாக வைத்த மாதிரி தெரிந்தது, நாலு மாசத்துத் தாடி, பாதி நரை, காதோரத்தில் கோழி கிளறியது போல முடி. ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு இறக்கியிருந்தான் தவசி. செவ்வாய்க்கிழமை, திண்டுக்கல்லில் எந்த சலூனும் திறந்திருக்காது, அதனால்தான் மனைவி இந்திராணி இன்றைக்கு என்று ஏற்பாடு செய்தாள். அவளே ஏற்பாடு செய்தாள், அவளே கொண்டுவந்து ஷட்டருக்கு அடியில் அவனைக் குனிய வைத்து உள்ளே விட்டாள், நான் காய்கறி வாங்கிட்டு வந்துடுறேன் என்று நழுவிவிட்டாள். நாளைக்கு மதுரையில் ஸ்கேன் பார்க்கப் போகணுமே, இந்தக் கோலத்திலயா போவீங்க, டாக்டரே பயந்துடுவார் என்றாள் காலையில். டாக்டர் எதற்குப் பயப்படுகிறார். பயப்பட வேண்டியவன் இங்கே இருக்கிறான். நாளைக்கு அந்த மெஷினுக்குள் அவனைத் தள்ளி, வெட்டிய இடத்தில் எதுவும் திரும்ப முளைத்திருக்கிறதா, வைத்த எலும்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு எதற்குச் சவரம். பெண் பார்க்கவா போகிறோம்.

“தலையைக் கொஞ்சம் சாய்ங்கண்ணே,” என்றான் தவசி. கடைக்குள் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பதிமூணு மாசம் கழித்துப் பார்க்கிறவன் வாங்க என்று சொல்ல மாட்டானா. சொல்ல மாட்டான்தான். மாசிலாமணியும் சாயவில்லை. தவசி இரண்டு விரலை நெற்றியில் வைத்து, அழுத்தாமல், ஆனால் எடுக்கவும் செய்யாமல் நின்றான். விரல் குளிர்ந்திருந்தது. அந்த இரண்டு விரல் எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்று பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான், பிறகு கழுத்து தானாகவே சாய்ந்துவிட்டது, துரோகி, இந்த உடம்பில் எந்த உறுப்பும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தவசி தண்ணீரைப் பீய்ச்சினான். முகம் பூராவும் நனைந்தது. பிரஷ் கிண்ணத்துக்குள் சுற்றுகிற சத்தம், அந்தச் சத்தத்தைத்தான் ஆஸ்பத்திரியில் அவன் எதிர்பார்த்தான், ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஷேவ் பண்ண ஆள் வரும் என்று நர்ஸ் சொன்னபோது. வந்தவனிடம் கிண்ணமும் இல்லை பிரஷும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் ரேசர், ஏற்கெனவே எத்தனை பேருக்குப் போட்டதோ, சட்டையைக் கழற்றுங்க, கையைத் தூக்குங்க என்றான். கை தூக்க வரவில்லை என்றுதானே அங்கே வந்து படுத்திருக்கிறான். வராதய்யா என்றான். வந்தவன் முழங்கையைப் பிடித்து அவனாகவே தூக்கினான், கண்ணுக்குள் மின்னல் ஓடியது, அக்குளில் சோப்பும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் வறட்டு வறட்டென்று இழுத்தான். எதிர்ப் பக்கமாக இழுக்காதப்பா, கொப்புளம் வரும் என்று மாசிலாமணி சொன்னான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றான் அவன். எப்படித் தெரியும். சான்றிதழில் சாதி என்ற இடத்தில் மருத்துவர் என்று போட்டிருக்கிற ஆள், அப்பன் ஊர்ப் புறம்போக்கில் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரைத்தவன், ஊரே அந்த அப்பனை டேய் என்று கூப்பிட்டது, அந்த ஊரை மிதித்துவிட்டு வந்து சுழல் நாற்காலி போட்டு எல்லாரையும் ஸார் என்று கூப்பிடவும் எல்லாரும் தன்னை மணி என்று கூப்பிடவும் வைத்தவன், அவனிடம் கேட்கிறான் எப்படித் தெரியும் என்று. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். மறுநாள் காலையில் கொப்புளம் வந்திருந்தது. அதன் மேலேயே அயோடின் பூசினார்கள்.

நுரை கன்னத்தில் ஏறியது. சூடு சரியாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. வெந்நீர் போட்டு வைத்திருக்கிறான். எதிர்க் கண்ணாடியில் பின் கண்ணாடி, பின் கண்ணாடிக்குள் எதிர்க் கண்ணாடி, அவனே நின்று மாட்டியது, பின்னந்தலையை வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இப்போது எங்கே பார்த்தாலும் மாசிலாமணி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதற்குள் சின்னதாக, அதற்குள் இன்னும் சின்னதாக, எல்லா மாசிலாமணிக்கும் வலது தோள் இல்லை. துணி போர்த்தியும் தெரிகிறது. இடது பக்கம் துணி உருண்டு இறங்குகிறது, வலது பக்கம் கழுத்திலிருந்து நேரே சரிகிறது, கூரை ஓடு மாதிரி. சதை போய்விட்டது, சதையை ஆட்டுகிற நரம்பும் போய்விட்டது. கை இருக்கிறது. இருக்கிறது என்றுதான் வருகிறவன் எல்லாம் சொல்கிறான். ஆப்பிள் பையோடு வருகிறான், ஹார்லிக்ஸோடு வருகிறான், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான், கையையே எடுக்கிற நிலைமையாமே மணி, கையைக் காப்பாத்திக் குடுத்துட்டாங்களே, அதை நினைச்சுச் சந்தோஷப்படு. ரிட்டயர்ட் தாசில்தார் அதைத்தான் சொன்னார், மாடி வீட்டு வாத்தியார் அதைத்தான் சொன்னார். யாராவது ஒருத்தனாவது கத்திரியைக் கையில் கொடுத்து எங்கே வெட்டு பார்ப்போம் என்று கேட்டானா. விரல் நன்றாக வேலை செய்கிறது. முழங்கை மடங்குகிறது. மடியில் வைத்துக்கொண்டு கத்திரியை ஆயிரம் தடவை திறந்து மூடலாம், சடக் சடக்கென்று பழைய சத்தமே வரும். தூக்கத்தான் வராது. பக்கவாட்டில் ஒரு சாண் உயர்ந்தால் அதோடு சரி. எந்த மனுஷனுடைய தலையும் மடியில் இல்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக வாய்தான் கீழே இறங்கி வருகிறது. தன் தலையைத் தான் சீவிக்கொள்ள முடியாத நாவிதன். பிசியோதெரபி பார்க்கிற அந்தப் பெண், முன்பக்க முடியைத் தானே வெட்டிக்கொண்டு கோணலாக்கி வைத்திருப்பவள், குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொல்கிறாள். சூப்பர் அங்கிள் என்கிறாள். என்ன சூப்பர். தொங்குகிறது, அது பாட்டுக்கு ஆடுகிறது, அதில் அவனுடைய பங்கு என்ன.

அவனுக்கு உள்ளே இருக்கும் எலும்பின் மேல்தான் அதிகக் கோபம். மற்றவர்களை விடுங்கள். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். தோளிலிருந்து பதினாலு சென்டிமீட்டர் எலும்பை அறுத்து வெளியே எடுப்போம். அதற்குள்தான் பெரிய கட்டி. தோள்பட்டைத் தட்டெலும்பின் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் இன்னொன்று இருக்கிறது, அதையும் சுரண்டி எடுத்துவிடுவோம். எடுத்த எலும்பைச் சுத்தம் செய்து, கதிர்வீச்சு மெஷினில் வைத்து, அதிலிருக்கிற எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவோம், உங்க எலும்பே உங்களுக்கு, அளவு மாறாது என்றார், ஏதோ தைக்கக் கொடுத்த சட்டையைப் பற்றிச் சொல்வது போல. அப்போது மாசிலாமணி தலையாட்டினான். பிறகுதான் யோசனை வந்தது. யோசிக்கிறதற்கு நாலு மாசம் இருந்ததே. ஆபரேஷன் தியேட்டர் நாலாவது மாடி, கதிர்வீச்சு மெஷின் தரைக்கும் கீழே. அப்படியென்றால் அவனுடைய எலும்பை யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பைக்குள் பை, அதற்குமேல் ஒரு பெட்டி. லிஃப்டில் போயிருப்பான். கூட யார் யார் நின்றார்களோ, ஃப்ளாஸ்க்கில் காபி வாங்கப் போகிறவர்கள், இளநீர் வாங்கப் போகிறவர்கள், அந்தப் பெட்டியில் மாசிலாமணி இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்ததா. போக, வைக்க, வர என்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் இங்கே இந்த மாசிலாமணி தோள் இல்லாமல் திறந்து கிடந்தான், அங்கே அந்த மாசிலாமணி மெஷினுக்கடியில் செத்துக்கொண்டிருந்தான். எது போனது எது இருந்தது. செத்ததைத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் ஓடாது, நோவாது. உயிருள்ள எலும்பு ஓரத்திலிருந்து மெதுவாக வளர்ந்து போய்ச் செத்த எலும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், ஒரு வருஷம் ஆகலாம், சிலருக்குப் பிடிக்காமலும் போகலாமாம். எதற்குப் பிடிக்க வேண்டும். உள்ளேயே இருந்து, தின்று, சத்தமே போடாமல் வளர்த்த கழுதை. நல்லவன் மாதிரி திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடது கையால் அந்த இடத்தைத் தொட்டால் தோலுக்கடியில் ஸ்க்ரூத் தலை தட்டுப்படும். தொடுவதில்லை. இப்போதும் துணிக்கடியில் இடது கை அந்தப் பக்கம் போகிறது, வேண்டாம் என்று திரும்புகிறது, மறுபடி போகிறது.

தவசி பிளேடைப் பாதியாக ஒடித்தான். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். கத்தியில் செருகினான், மூடினான், கட்டை விரலால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்தான். இடது கன்னம், காதுக்கு நேராக, முதல் இழுப்பு. கை நடுங்கவில்லை. நடுங்கும் என்று மாசிலாமணி எதிர்பார்த்திருந்தான். நடுங்கினால் நன்றாக இருந்திருக்கும், என்னடா கை ஆடுது என்று கேட்டிருக்கலாம். அந்தக் கன்னம், தவசியின் இடது கன்னம், கண்ணாடியில் இப்போது அவனுக்கு நேராகத்தான் இருக்கிறது, தாடியை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறான். அந்தக் கன்னத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். கூரையைப் பார்த்தான். மின்விசிறியின் ஒரு இலையில் ஒட்டடை. சுத்தம் செய்யவில்லை, நான் இருந்தால் விடுவேனா. என்ன சொன்னோம் அப்போது எல்லாரிடமும், தவசியை ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டவர்களிடம். வாய் அதிகம், கஸ்டமர்ட்ட மரியாதை இல்லை என்று சொன்னோம். கொஞ்ச நாளில் அது அவனுக்கே உண்மையாகிவிட்டது. வாய் அதிகம்தான். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, பெஞ்சில் நாலு பேர், நாற்காலியில் தாசில்தார் நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது, அப்படி ஒருத்தன் பேசுவானா. தோள் வீக்கத்தைச் சதைதான் என்று மாசிலாமணி எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். இந்திராணி முதுகு தேய்க்கும்போது கேட்டாள், சதைதான், இருபது வருஷம் தூக்கியே நின்ன கை, இறுகிப்போச்சு என்றான். வலிக்கிறதே என்றாள். வேலை செய்தால் வலிக்காதா. படுத்தால் குடைந்தது, எழுந்தால் குடைந்தது, மாத்திரை போட்டான், தைலம் போட்டான், சதைதான். குளித்துவிட்டுச் சட்டை போடும்போது கண்ணாடியைப் பார்க்காமல் போடப் பழகினான், நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஆள், பிறருடைய தலையை மட்டும் பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்கிவைத்திருந்தான். அப்படியென்றால் தெரியும். பார்க்கக் கூடாது என்று தெரிந்தால் என்னவோ இருக்கிறது என்றும் தெரியும்தானே. இல்லை, சதைதான் என்று நினைத்தேன். நினைத்தாயா, சொன்னாயா. சொன்னேன். நினைத்தும் இருப்பேன். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் புத்தி சட்டையில் மாட்டிய சீப்பு மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது.

“அண்ணே, உங்க வலது தோளு இடதை விட ஒரு சுத்து பெருசா இருக்கு, கண்ணாடியில பாருங்க,” என்றான் தவசி அன்றைக்கு, பக்கத்து நாற்காலியிலிருந்து, கத்திரியை நிறுத்திவிட்டு. “வலிக்குது வலிக்குதுன்னு வேற சொல்றீங்க. சதை ஒரு பக்கம் மட்டும் இப்படி வீங்காதுண்ணே. ஒரு படம் எடுத்துப் பாத்துருங்க.” சாதாரணமாகத்தான் சொன்னான். அக்கறையாகக்கூடச் சொன்னான். பெஞ்சிலிருந்த நாலு தலையும் பேப்பரிலிருந்து நிமிர்ந்தது. தாசில்தார் நுரைக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார். தவசியிடம் தலையைக் கொடுத்திருந்தவரும் சேர்த்து ஆறு பேருடைய பன்னிரண்டு கண்ணும் கண்ணாடி வழியாக அவனுடைய தோளில் வந்து உட்கார்ந்தது. அவனும் பார்த்துவிட்டான். அதுதான். அவனும் பார்த்துவிட்டான், வேறு வழியில்லாமல், சட்டைக்கு அடியில் தேங்காய் வைத்த மாதிரி. அடுத்து அவனுக்குத் தெரிந்தது உள்ளங்கை எரிந்ததுதான். தவசியின் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் பிறகுதான் காதுக்கு வந்தது. வலது கை. அந்தத் தேங்காயோடுதான் அந்தக் கை மேலே போனது, அவ்வளவு உயரம், இப்போது நினைத்தால் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது, எவ்வளவு உயரம் போனது, எவ்வளவு சுலபமாக. கத்திரி கீழே விழுந்தது. தவசி குனிந்து எடுத்து, துடைத்து, டிராயரில் வைத்து, பாதி வெட்டிய தலைக்காரரிடம் மன்னிச்சுக்குங்க ஸார் என்று சொல்லிவிட்டு ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பாதித் தலையை மாசிலாமணிதான் முடித்தான். நல்லா முடித்தான். அதற்குப் பிறகு எட்டு மாசம் அதே கையால் வெட்டினான், ஒருத்தனிடமும் காட்டவில்லை. காட்டினால் தவசி சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒருத்தனை எல்லார் முன்னாலும் அடித்துத் துரத்திவிட்டு, அவன் சொன்ன இடத்துக்கே போய் எப்படிப் படம் எடுப்பது. இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு மனுஷன் எட்டு மாசம் இருப்பானா என்று கேட்டால், இருந்தான்.

ஐப்பசியில் ஒருநாள் சீப்பைப் பிடித்த கை பாதி வழியில் நின்றுவிட்டது. இந்திராணி இழுத்துக்கொண்டு போனாள். படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது எலும்புக்குள் பொரி பொரித்துக் கொட்டிய மாதிரி இருந்தது, வெள்ளை வெள்ளையாக. குருத்தெலும்பில் வருகிற கேன்சர் என்றார் டாக்டர். எத்தனை நாளா இருக்கு என்று கேட்டார். ரெண்டு மாசமா ஸார் என்றான் மாசிலாமணி. பக்கத்தில் இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஃபைல் இருந்தது. அவள் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். டாக்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். ரெண்டு மாசத்துல இவ்வளவு வராதே என்றார். பிறகு அந்தத் தாளில் நரம்பைக் கோடு போட்டுக் காட்டினார், கட்டி அதைச் சுற்றிப் பிடித்துவிட்டது, சேர்த்துத்தான் எடுக்கணும், கை தூக்குகிற சதைக்கு அதுதான் நரம்பு, ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா அதைக் காப்பாத்தியிருக்கலாம். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் இருந்தால் வடாம் காய்ந்திருக்கும் என்பது போலச் சொன்னார். ஆறேழு மாசம். தவசி சொன்ன மாசியிலிருந்து ஐப்பசிக்கு எத்தனை மாசம் என்று விரல் விட்டு எண்ணத் தெரியாதவன் இல்லை மாசிலாமணி. அன்றைக்கிலிருந்து இந்திராணியும் அதைப் பேசியதில்லை, அவனும் பேசியதில்லை. அவள் பேசாமலே வேறொன்று செய்தாள். அவன் தோள் இல்லாமல் ஐசியூவில் கிடந்த வாரத்தில் தவசியின் வீட்டுக்குப் போய், கடைச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று அவன் கத்தினான், தையல் பிரிக்காத நாளில், முழு வார்டும் திரும்பிப் பார்த்தது. “யாரைக் கேக்கணும்? கடை பூட்டிக் கிடக்கவா? உங்களுக்கு உண்மையச் சொன்ன ஒரே ஆளு அவன்தான்,” என்றாள். சொல்லிவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள். அவளையும் அடித்திருப்பான். கை வரவில்லை.

இடது கன்னம் முடிந்தது. தவசி கத்தியைக் காகிதத்தில் வழித்துவிட்டு வலது பக்கம் வந்தான், வந்தவன் சட்டென்று ஒரு அடி தள்ளி நின்றான், இடிபடக் கூடாது என்று, தோளில் இடித்துவிடக் கூடாது என்று. அந்த ஒரு அடி மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. ஆட்டோக்காரன் அப்படித்தான் செய்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் அப்படித்தான், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற பெண்பிள்ளைகள் அப்படித்தான், முட்டைக் கூடை மாதிரி. “கிட்ட வந்து போடுடா,” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “தள்ளி நின்னு போட்டா கோடு விழும்.” தவசி கிட்ட வந்தான். அவன் இடுப்பு துணி வழியாக அந்தச் செத்த தோளில் லேசாக உரசியது. உரசியது தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். தோலில் பாதி இடத்துக்கு உணர்ச்சி இல்லை. கத்தி காதிலிருந்து இறங்கியது. வெளியே ஏதோ மினி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. இதைச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வாயைக் கட்டியிருப்பான். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நீ சொன்னப்பவே போயிருந்தா கை தூக்க வந்திருக்குமாம். டாக்டர் சொன்னாரு.”

கத்தி நின்றது. தாடைக்கு மேல், பாதி வழியில்.

“தெரியும்,” என்றான் தவசி. “அக்கா சொன்னாங்க.”

“எப்ப?”

“சாவி குடுக்க வந்தப்ப.”

சொல்லிவிட்டாள். நாலு மாசமாக இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஷட்டரைத் தூக்கியிருக்கிறான், தெரிந்துகொண்டேதான் வெந்நீர் போட்டிருக்கிறான். இப்போது என்ன சொல்லப்போகிறான், விடுங்கண்ணே, விதிண்ணே, நம்ம கையில என்ன இருக்கு, உயிர் இருக்கே அது போதும்ணே, அந்த மாதிரி ஏதாவது ஒன்று வரும், வந்தால் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பாதி முகத்தோடு வெளியே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு காத்திருந்தான்.

தவசி கத்தியைத் தாடைவரை இழுத்து முடித்தான். வழித்தான். “கேட்டப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுண்ணே,” என்றான். “பொய் சொல்லக் கூடாது. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். நல்லா வேணும்னு. அப்புறம் கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சு. அதான் கடைக்கு வந்தேன். அக்காவுக்காக வந்தேன், உங்களுக்காக இல்ல. கோவம் இன்னும் போகல எனக்கு. எங்கப்பாகூட என் மேல கை நீட்டுனதில்ல. ஆறு பேர் முன்னாடி.”

மாசிலாமணி கண்ணாடியில் அவனைப் பார்த்தான். நாலு மாசத்தில் முதல்முறையாக ஒருத்தன் அவனுடைய தோளைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசினான். உள்ளே எங்கேயோ, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அது நிம்மதி என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவராத ஒருத்தன். இவனுக்குக் கோபம் போகவில்லையாம். நல்லது. இருக்கட்டும்.

“எனக்கும் உன் மேல கோவந்தான்,” என்றான்.

“என் மேல எதுக்கு?” தவசிக்கு நிஜமாகவே புரியவில்லை. கத்தியைப் பிடித்த கையை இறக்கிவிட்டான்.

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரியாதுன்னு ஆகியிருக்கும்டா. யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வந்துச்சு போச்சுன்னு படுத்திருப்பேன். நீ சொல்லிட்ட. சொன்ன பிறகுதான் எட்டு மாசம்.” அதற்குமேல் வரவில்லை. கழுத்துத் துணி இறுக்கியது. “அறைஞ்சது தப்புதான்,” என்று சேர்த்துக்கொண்டான், அதட்டுகிற குரலிலேயே. அந்தக் குரல்தான் அவனிடம் இருந்தது.

தவசி கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, “தப்புதான்,” என்றான். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிரஷை எடுத்து இரண்டாம் தடவைக்கு நுரை போட ஆரம்பித்தான், தாடைக்கடியில், கழுத்தில், பழைய நுரையைவிடக் கெட்டியாக. நாளைக்கு இந்நேரம் அந்த மெஷினுக்குள் கிடப்போம் என்று நினைத்தான் மாசிலாமணி. இருக்கிறது என்பார்களா, இல்லை என்பார்களா. பிடித்திருக்கிறது என்பார்களா, பிடிக்கவில்லை என்பார்களா. பிடிக்கவில்லையென்றால் மறுபடி திறப்பார்கள், மறுபடி அந்த வறட்டு ரேசர்க்காரன் வருவான். இந்தத் தடவை முழங்கையைத் தொட விடக் கூடாது, முதலில் சோப்பு கொண்டு வா என்று சொல்ல வேண்டும், கத்திச் சொல்ல வேண்டும். பயம் இருந்தது. பயத்தைச் சுற்றி எத்தனை பேர் மேல் கோபத்தைப் போட்டு மூடினாலும் அது அடியில் குளிர்ந்து கிடந்தது, அதுவும் இன்றைக்கு இவன் முன்னால் ஒளிய இடமில்லாமல் கிடந்தது. “நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே?” என்று தவசி கேட்டான். “பத்துக்கு.” “காலையில ஆறரை வண்டிக்குப் போனாத்தான் சரியா இருக்கும்.” “தெரியும்.” “பஸ்ஸுல வலது பக்க ஜன்னலோரம் உக்காருங்க, யாரும் இடிக்க மாட்டாங்க.” “தெரியும்டா, போடு,” என்றான் மாசிலாமணி. அவனாகவே தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தான். கத்தி கீழிருந்து மேலாக, எதிர்ப் பக்கமாக, தொண்டைக் குழியிலிருந்து ஏறியது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். கீழே இடைவெளியில் இரண்டு செருப்புக் கால் தெரிந்தது. “கடை உண்டா?” என்றது வெளியிலிருந்து ஒரு குரல். பதில் வருமுன்பே இன்னொரு தட்டு.

“இன்னைக்கு லீவு!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒரே எரிச்சலோடு. கால்கள் ஒரு விநாடி நின்றன, முனகிக்கொண்டே போய்விட்டன.

“நீங்க கத்தாதீங்கண்ணே,” என்றான் தவசி, அவன் மோவாயைப் பிடித்து மறுபடி நிமிர்த்தி. “கத்தி தொண்டையில இருக்கு.”

மாசிலாமணி எச்சிலைக்கூட விழுங்காமல் இருந்தான்.